விசாவுக்காகப் பிள்ளையை எழுதிக் கொடுக்காதீர்கள்

கம்பளையைச் சுற்றியுள்ள வீடுகளில் தாழ்ந்த குரலில் பேசப்படும் ஒரு விடயத்தை இன்று உரத்துப் பேச வேண்டியிருக்கிறது. "அண்ணே, மூத்தவனை எங்க பேருல எழுதிக் குடுங்க. ஸ்பொன்சர் பண்ணி எடுக்கிறது எங்க பொறுப்பு" என்று கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ ஒரு தம்பி பேசுகிறான். லயத்து அறையிலோ நகரத்து வாடகை வீட்டிலோ நின்று கேட்கும் அண்ணனுக்குக் கண் கலங்குகிறது. தன் பிள்ளைக்கு ஒரு வழி பிறந்துவிட்டது என்று நினைக்கிறார். அடுத்த வாரம் யாரோ ஒரு தரகர் கையில் சத்தியக் கடதாசியுடன் வந்து நிற்கிறார்.

அந்தத் தம்பியின் பாசத்தில் நமக்குச் சந்தேகம் இல்லை. அண்ணனின் நம்பிக்கையையும் குறை சொல்ல மாட்டோம். 2022இல் நாடு வங்குரோத்தான பிறகு பிள்ளையை எப்படியாவது கரை சேர்த்துவிட வேண்டும் என்று துடிக்காத பெற்றோர் யார்? ஆனால் அந்தக் கடதாசியில் இடப்படும் கையெழுத்து எதைச் செய்கிறது என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் காரியம் கை மீறிவிடும். அதனால்தான் இந்த எச்சரிக்கை.

தத்து என்பது விசா விண்ணப்பத்தோடு இணைக்கும் ஒரு பத்திரம் அல்ல. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் கட்டளை பிறப்பித்துவிட்டால், பெற்ற தாய்க்கும் தந்தைக்கும் அந்தப் பிள்ளை மீதுள்ள உரிமைகளும் கடமைகளும் முடிந்துபோகின்றன. தத்தெடுத்தவருக்கே பிறந்த பிள்ளையாகச் சட்டம் அதைக் கருதுகிறது. பதிவாளர் நாயகத்தின் மகவேற்புப் பதிவேட்டில் புதிய பெற்றோரின் பெயர் ஏறுகிறது. "சும்மா பேப்பருக்குத்தானே, நம்ம பிள்ளை நம்ம பிள்ளைதான்" என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். நீதிமன்றத்தில் அந்தப் பேச்சு செல்லாது. நாளை தம்பியும் அவர் மனைவியும் பிரிந்தால், வேலை போனால், பிள்ளைக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகாவிட்டால், கம்பளையில் இருக்கும் தாய் எந்த அலுவலகத்துக்குப் போய் எந்த உரிமையில் கேட்பார்?

இன்னொரு கனவும் இந்தக் கையெழுத்தோடு சேர்த்தே விற்கப்படுகிறது. பிள்ளை முதலில் போகட்டும், வளர்ந்து குடியுரிமை எடுத்ததும் அம்மா அப்பாவை அழைத்துக்கொள்வான் என்பதே அது. அமெரிக்காவின் குடிவரவுச் சட்டம் இதை நேரடியாகவே மறுக்கிறது. தத்தின் மூலம் வந்து குடிவரவுப் பலன் பெற்ற ஒருவர் தன்னைப் பெற்றவர்களுக்கு அந்த உறவின் பேரில் எந்தக் குடிவரவு உரிமையும் பெற்றுக்கொடுக்க முடியாது. மற்ற நாடுகளிலும் தத்து அறுத்துவிட்ட உறவைப் பிறகு காட்டிப் பெற்றோரை அழைப்பது எளிய காரியம் அல்ல. குடும்பத்தை ஒன்றுசேர்க்கும் என்று நம்பிச் செய்யும் காரியமே அதைச் சட்டப்படி பிரித்துவிடுகிறது. தரகர்கள் இதைச் சொல்வதில்லை.

நம் உறவினர்கள் அதிகமாக வாழும் நாடுகளில் ஒன்றான கனடாவைப் பார்ப்போம். குடிவரவுச் சலுகையைப் பெறுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட தத்தை அந்த நாடு ஏற்பதில்லை. அதன் குடிவரவு ஒழுங்குவிதிகள் கேட்கும் கேள்விகள் கடுமையானவை. தகுதியுள்ள ஓர் அதிகாரி வளர்ப்புப் பெற்றோரின் வீட்டை ஆய்வு செய்தாரா? பெற்றவர்கள் விளங்கிக்கொண்டு, யாருடைய நெருக்குதலும் இல்லாமல் சம்மதித்தார்களா? பழைய பெற்றோர் உறவு உண்மையிலேயே முடிந்து, புதிய பெற்றோர் உறவு உண்மையிலேயே பிறந்திருக்கிறதா? இடையில் பணம் கைமாறியதா? பெற்றோர் இருவரும் உயிரோடு கம்பளையில் இருக்கிறார்கள், பிள்ளை தினமும் அவர்களோடுதான் உண்டு உறங்குகிறது, தத்தெடுத்த சித்தப்பாவை விடுமுறைக்கு வந்தபோது மட்டும் பார்த்திருக்கிறது என்றால், விசா அதிகாரி என்ன முடிவெடுப்பார் என்று ஊகிக்கப் பெரிய சட்ட அறிவு வேண்டியதில்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகு பிள்ளையின் நிலை என்ன? இலங்கைச் சட்டப்படி அது டொரொண்டோவில் இருக்கும் சித்தப்பாவின் பிள்ளை. கனடாவின் குடிவரவுச் சட்டப்படி அது அவருடைய பிள்ளை அல்ல. வாழ்வதோ பெற்றவர்களின் வீட்டில், ஆனால் சட்டப்படி அவர்கள் பெற்றோர் அல்லர். பாடசாலை அனுமதிக்கும் அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் யார் கையெழுத்திடுவது? பெரியவர்கள் ஒருநாள் எடுத்த முடிவுக்கு அந்தப் பிள்ளை ஆயுள் முழுவதும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இதில் பலரும் சறுக்கும் இடம் வரிசைமுறைதான். முதலில் இங்கே தத்துக் கட்டளை, பிறகு அங்கே விசா என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். நாடு கடந்த தத்துக்கான 1993ஆம் ஆண்டின் ஹேக் சமவாயம் இதை மாற்றிச் சொல்கிறது. அந்தச் சமவாயத்தை முதலில் ஏற்றுறுதி செய்த மூன்று நாடுகளில் இலங்கையும் ஒன்று. மெக்சிகோ, ருமேனியா, இலங்கை ஆகிய மூன்றும் கையளித்த பத்திரங்களால்தான் 1995 மே 1ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பிள்ளையை ஏற்கும் நாடு அந்தப் பிள்ளை அங்கே நுழைந்து நிரந்தரமாக வாழ அனுமதிக்கப்படும் என்பதை முன்கூட்டியே உறுதி செய்திருக்க வேண்டும். இரு நாடுகளின் மத்திய அதிகாரிகளும் ஒத்துக்கொண்ட பின்னரே பிள்ளையை ஒப்படைக்கலாம். சொந்தத்துக்குள் நடக்கும் தத்துக்கும் இது பொருந்தும். பெற்றோரும் தத்தெடுப்போரும் முன்கூட்டியே சந்தித்துப் பேசலாம் என்ற சலுகை மட்டுமே உறவினருக்கு உண்டு. 2008 முதல் சமவாயம் நடைமுறையில் உள்ள அமெரிக்காவில் இந்த வரிசை மாறினாலே விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும். அந்நாட்டு அனுமதிக்கு முன் இங்கே அவசரப்பட்டுப் பெறும் நீதிமன்றக் கட்டளை, பிள்ளைக்கு உதவுவதற்குப் பதிலாகத் தடையாகிவிடக்கூடும்.

உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளைகள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்து மலைகளைச் சரித்து, மகாவலியைக் கம்பளை வீதிகளுக்குள் ஏற்றியதை நாம் கண்ணால் கண்டோம். இப்படித் தாய் தந்தை இருவரையும் இழந்த ஒரு பிள்ளையை வெளிநாட்டிலுள்ள மாமாவோ அத்தையோ அழைத்து வளர்க்க முன்வந்தால் அதைவிட நல்ல காரியம் எது? அதற்குத் தத்துதான் வழி என்றும் இல்லை. கனடாவின் ஒழுங்குவிதிகளில், பெற்றோர் இருவரும் இறந்துவிட்ட, 18 வயதுக்குட்பட்ட, மணமாகாத சகோதர சகோதரியையும் உடன்பிறந்தாரின் பிள்ளையையும் பேரப்பிள்ளையையும் தத்தெடுக்காமலே ஸ்பொன்சர் செய்ய இடமிருக்கிறது. கேட்கப்படுவது மரணச் சான்றிதழும் உறவை நிறுவும் பிறப்புப் பதிவுகளும். இதைச் சொல்லித் தர ஆளில்லாமல், நேர் வழி இருக்கும் அநாதைப் பிள்ளையையும் தரகர் தத்து என்ற சுற்று வழியில் இழுத்துப் போகும் அவலம் நேரக்கூடாது.

பேரிடரை அடுத்து வரும் நாள்கள்தான் மிகவும் ஆபத்தானவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பிள்ளைகளைக் கேட்டு நாலாபுறமிருந்தும் குரல்கள் எழுந்தன. அரசு தத்தை நிறுத்தி வைத்தது. 2005இல் ஆழிப்பேரலை விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பாதுகாப்பை அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் கண்காணிப்பில் வைத்தது. துயரம் ஆறும் முன் பிள்ளையை இடம் மாற்றக்கூடாது, முதலில் ஊரிலுள்ள உறவினரைத் தேட வேண்டும் என்ற அன்றைய அறிவு இன்றும் நமக்கு வேண்டும்.

இத்தனை எச்சரிக்கை எதற்கு என்று நினைப்பவர்கள் இந்த நாட்டின் அண்மைய வரலாற்றைப் பார்க்கட்டும். 1980களில் சுமார் 11,000 இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பியக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். நெதர்லாந்துக்கு மட்டும் ஏறக்குறைய 4,000 பேர். வறுமையில் இருந்த தாய்மாரிடமிருந்து பிள்ளைகள் பெறப்பட்டன. நீதிமன்றத்தில் வேறு பெண்கள் தாயாக நடித்துக் கையெழுத்திட்டார்கள். குழந்தைகளை அடைத்து வைத்த வீடுகள் சுற்றிவளைக்கப்பட்டபோது, 1987இல் அரசு வெளிநாட்டுத் தத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. 1992இல் சட்டம் இறுக்கப்பட்டது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது குற்றங்களாக எழுதப்பட்டவற்றைப் படித்தாலே நடந்தவை விளங்கும்: தாயாக ஆள்மாறாட்டம் செய்தல், கர்ப்பிணியிடம் பணத்துக்குச் சம்மதப் பத்திரம் வாங்குதல், பிறப்புப் பதிவைப் பொய்யாக்க இடமளித்தல். நெதர்லாந்தின் செம்ப்ளா தொலைக்காட்சி நிகழ்ச்சி 2017இல் இவற்றை மீண்டும் வெளிக்கொணர்ந்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன இந்த முறைகேடுகள் நடந்ததை ஒப்புக்கொண்டார். சுவிட்சர்லாந்து அரசு தன் அதிகாரிகளின் தவறுகளை 2020இல் ஏற்று வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்து 2021இல் எல்லா வெளிநாட்டுத் தத்தையும் இடைநிறுத்தியது.

அந்தக் குழந்தைகள் இன்று நாற்பது வயதைத் தொட்டவர்கள். அம்மாவைத் தேடி இலங்கைக்கு வருகிறார்கள். கையில் இருக்கும் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஒரு முகவரி. போய்க் கேட்டால் அப்படி ஒருவர் அங்கே வாழ்ந்ததே இல்லை. உறவினருக்கிடையே நடக்கும் தத்தை அந்தக் குழந்தை வியாபாரத்தோடு ஒன்றாக வைக்கவில்லை. அண்ணன் தம்பிக்குக் கொடுப்பது வேறு, தரகன் அந்நியனுக்கு விற்பது வேறு. ஆனால் பயன்படும் கருவிகள் இரண்டுக்கும் ஒன்றுதான்: புரியாத மொழியில் எழுதிய பத்திரம், வறுமையில் இடும் கையெழுத்து, மாற்றி எழுதிய பிறப்புப் பதிவு, இடையில் நின்று காசு பார்ப்பவர்.

மலையகத்தவர்களுக்குக் கடதாசியின் வலிமையைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்ட காலத்தில் தொடங்குகிறது இந்த மக்களின் வரலாறு. 1948இல் ஒரு சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் இட்ட கையெழுத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டார்கள். அண்ணன் புசல்லாவையில், தம்பி கூடலூரில், அக்கா கோத்தகிரியில் என்று குடும்பங்கள் சிதறின. யாரும் அந்த மக்களிடம் விருப்பம் கேட்கவில்லை. இன்று அதே குடும்பங்களின் பேரப்பிள்ளைகளை நாமே, நம் கையாலேயே, இன்னொரு கடதாசியில் பிரித்துக் கொடுக்கலாமா?

தோட்டப்புறத்தில் பதிவுகளின் நிலை இன்னொரு சிக்கல். ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், பாடசாலை இடாப்பில் வேறு விதமாகவும், அடையாள அட்டையில் மூன்றாவது விதமாகவும் இருப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. விசா அலுவலகத்துக்கு அது பழகிய ஒன்றல்ல. சந்தேகம் எழுந்தால் மரபணுச் சோதனை கேட்பார்கள். "அண்ணன் மகன் என்று சொன்னால்தானே பிரச்சினை, சொந்த மகன் என்றே எழுதிவிடலாம்" என்று தரகர் சொல்லும் யோசனை அங்கேதான் உடைந்துபோகும். கனடாவில் பொய்த் தகவல் கொடுத்தது நிரூபணமானால் ஐந்து ஆண்டுகளுக்கு நுழையத் தடை. அழைத்த உறவினரின் நிலையும் கேள்விக்குள்ளாகும். பெரியவர்கள் சொன்ன பொய் பிள்ளையின் பெயரில் பதிவாகி, பின்னர் அது படிக்கப் போக விண்ணப்பிக்கும் நாளிலும் எதிரே வந்து நிற்கும்.

மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளை நினைக்கும்போது கவலை கூடுகிறது. தாய் குவைத்திலோ ரியாத்திலோ இருக்கிறார். தந்தை சில இடங்களில் இருக்கிறார், சில இடங்களில் இல்லை. பாட்டியின் கையில் வளர்கிறது பிள்ளை. அந்த நிலையில் வெளிநாட்டு உறவினரின் அழைப்பு வந்தால் தாயின் சம்மதம் தொலைபேசியில் கேட்ட ஒரு "சரி"யாக முடிந்துவிடக்கூடும். அது சம்மதம் ஆகாது. எதை இழக்கிறோம் என்று தெரிந்து, தூதரகத்தில் உரிய அதிகாரியின் முன் நின்று சொல்லும் சொல்லே சம்மதம். பாட்டியின் பொறுப்பைச் சட்டப்படி உறுதிப்படுத்தத்தான் வேண்டுமென்றால் அதற்குத் தத்து தேவையில்லை. பெற்றோர் அல்லாதவர் பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருந்தால் பாதுகாவலராகப் பதிவு செய்ய அதே 1941ஆம் ஆண்டுச் சட்டம் இடம் வைத்திருக்கிறது.

கம்பளை நகரத்தில் பெருந்தொகையாக வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கு இதில் தனியான கவனம் வேண்டும். மார்க்கம் அநாதையைப் பராமரிப்பதைப் போற்றுகிறது. பிள்ளையின் வம்சத்தை மாற்றி எழுதுவதை ஏற்பதில்லை. கஃபாலா என்ற பராமரிப்பு முறையை ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை பெயர் சொல்லியே அங்கீகரிக்கிறது. ஆனாலும் அதைத் தத்தாகக் கொண்டு விசா வழங்க மேற்கு நாடுகள் தயங்குகின்றன. பாகிஸ்தானிலிருந்து தத்தெடுப்பதை 2013இல் கனடா நிறுத்தியதற்கு இந்த வேறுபாடே காரணம். மார்க்கத்துக்கு உடன்பாடில்லாத ஒரு பத்திரத்தில் விசாவுக்காகக் கையெழுத்திட்டு, அந்த விசாவும் கிடைக்காமல் போனால் இரண்டு பக்கமும் இழப்பு. முடிவெடுக்கும் முன் சட்டத்தரணியையும் மார்க்க அறிஞரையும் ஒருசேரக் கேட்டுக்கொள்வது நல்லது.

வெளிநாட்டிலிருந்து இதைப் படிக்கும் சித்தப்பாமாருக்கும் அத்தைமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பொன்சர் என்பது விமானச் சீட்டோடு முடிவதில்லை. கனடாவில், கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில், 22 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொறுப்பேற்பவர் பத்து ஆண்டுகளுக்கு அல்லது அந்தப் பிள்ளைக்கு 25 வயதாகும் வரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை, அதன் செலவுக்கு அரசுக்கு உத்தரவாதம் கொடுக்கிறார். அதைவிடக் கனமானது வீட்டுக்குள் இருக்கிறது. பதின்மூன்று வயதில் தாயைப் பிரிந்து, தெரியாத மொழிப் பாடசாலையில், பனிக்காலத்தில் வந்திறங்கும் பிள்ளை உங்கள் சொந்தப் பிள்ளைகளோடு ஒரே தட்டில் நடத்தப்படுமா? சமையலும் குழந்தை பார்ப்பும் அதன் தலையில் விழாதா? மலையகத்துச் சிறுமிகளை "நல்லா பாத்துக்கிறோம்" என்ற சொல்லை நம்பிக் கொழும்பு வீடுகளுக்கு அனுப்பி நாம் பட்டது போதும். டயகமவிலிருந்து போன 16 வயதுச் சிறுமி 2021இல் தீக்காயங்களோடு மருத்துவமனையில் உயிரிழந்ததை இந்த மலை இன்னும் மறக்கவில்லை. வீடு சொந்தக்காரர் வீடாக இருந்தாலும் கண்காணிப்பு வேண்டும்.

உதவ வேறு வழிகள் உண்டு. பிள்ளையைப் பெற்றோரிடமே விட்டுவிட்டு அதன் கல்விச் செலவை ஏற்கலாம். உயர்தரம் முடித்ததும் முறையான மாணவர் விசாவில் அழைக்கலாம். அதற்கெல்லாம் யாருடைய பெயரையும் அழிக்க வேண்டியதில்லை.

எல்லாப் பேச்சுக்கும் நடுவில் ஒருவரைக் கேட்க மறந்துவிடுகிறோம். பத்து வயதைக் கடந்த பிள்ளையின் சம்மதம் தத்துக் கட்டளைக்குத் தேவை. அதைச் சொல்லிக் கொடுத்து ஒப்புவிக்கும் ஒரு வரியாக ஆக்கிவிடக்கூடாது. தம்பி தங்கையை விட்டுப் போக விருப்பமா, அம்மாவை இனிச் சட்டப்படி அம்மா என்று எழுத முடியாது என்பது தெரியுமா என்று, பெரியவர்கள் அருகில் இல்லாத இடத்தில், பிள்ளையின் தாய்மொழியில் கேட்கப்பட வேண்டும்.

அதிகாரிகளின் பொறுப்பு இங்கே தொடங்குகிறது. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதப்பட்டது. ஒரு தாய் தன் பிள்ளையை விட்டுக்கொடுக்கும் பத்திரமாவது அவர் வாசிக்கக்கூடிய மொழியில் இருக்க வேண்டாமா? மத்திய மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் உறவினர் தத்தின் ஒவ்வொரு படியையும், எந்த நாட்டுக்கு எந்த வரிசை என்பதையும், கட்டளைக்குப் பின் பெற்றோர் இழப்பது என்ன என்பதையும் எளிய தமிழில் அச்சிட்டு உடபலாத்த பிரதேச செயலகத்திலும் தோட்ட அலுவலகங்களிலும் வைக்க வேண்டும். தமிழ் பேசும் நன்னடத்தை அலுவலர் ஒருவர் பெற்றோர் இருவரையும் தனித்தனியே சந்தித்துப் பேசாமல் எந்த அறிக்கையும் நீதிமன்றத்துக்குப் போகக்கூடாது. சட்ட உதவி ஆணைக்குழு இந்த வழக்குகளில் பெற்றோருக்குத் தனியாக ஒரு சட்டத்தரணியைத் தர வேண்டும். தத்தெடுப்பவரின் சட்டத்தரணியே இரு தரப்புக்கும் பேசும் நிலை கூடாது. இந்தியா தன் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில், வெளிநாட்டில் வாழும் உறவினர் தத்தெடுப்பதற்குத் தனிப் பிரிவே வகுத்து, மத்திய தத்து வள ஆணையத்தின் தடையின்மைச் சான்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உலகெங்கும் உறவினர் பரந்து வாழும் இலங்கைக்கு அப்படியொரு வெளிப்படையான வழி இன்னும் அவசரமானது. தொழிற்சங்கங்களும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பெற்றோரே, யாராவது சத்தியக் கடதாசியோடு வந்து நின்றால் அன்றே கையெழுத்திடாதீர்கள். அதன் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ நன்னடத்தை அலுவலரிடமோ அதைக் காட்டி, "இதுல கையெழுத்துப் போட்டா பிள்ளை யாரோட பிள்ளை?" என்று கேளுங்கள். பிரதி தர மறுப்பவர், பணம் கேட்பவர், பிறப்புப் பதிவை மாற்றலாம் என்பவர் எவரானாலும், சொந்தத் தம்பியே அனுப்பியவரானாலும், வீட்டு வாசலைத் தாண்ட விடாதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள்.